யூனிட்டை விற்கிறார்கள், என்னை ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள்

வாசகர் கேள்வி

வணக்கம் மேடம். எனக்கு வயது 41. சொந்த ஊர் சேலம் பக்கம் ஓமலூர். பெங்களூரில் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர் அண்ட் டி பிரிவில் 14 வருடம் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். ஆப்டிகல் நெட்வொர்க் கருவிகளுக்கான சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்யும் வேலை. பதவியின் பெயர் டெஸ்ட் லீட். எனக்குக் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். ஆனால் லேபில் உட்கார்ந்து டெஸ்ட் ஓட்டுவது, ஸ்கிரிப்ட் எழுதுவது எல்லாம் நானும்தான். அவர்களுக்கு லீவு கொடுப்பதும் அப்ரைசல் போடுவதும் என் மேனேஜர்.

எங்கள் யூனிட்டை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டதாக மூன்று வாரத்துக்கு முன் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள். போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பத்து நிமிட மீட்டிங் ஒன்று வந்தது. போய்ப் பார்த்தால் எச்.ஆரிலிருந்து இரண்டு பேர், மேஜையில் இரண்டு தாள். ஒன்று, பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதாக ஒப்பந்தம். எல்லாம் சேர்த்து 13 லட்சம் தருவார்கள், போர்ட்டலில் நானே ராஜினாமா போட வேண்டும். இன்னொன்று, வாங்குகிற கம்பெனியின் வேலைக் கடிதம். சம்பளம் இதேதான், ஆனால் புதிதாகச் சேர்வது போல ஆறு மாத புரொபேஷன். இரண்டும் வேண்டாமென்றால் "பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று எழுத வேண்டி வரும்" என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னவர்கள், நான் கெஞ்சிய பிறகு மாதக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார்கள்.

மாதச் சம்பளம் 1,60,000. அதில் பேசிக் 70,000. ராமமூர்த்தி நகர் ஃப்ளாட்டுக்கு இ.எம்.ஐ. 52,000 போகிறது. கணவருக்குச் சின்ன பிசினஸ், வருமானம் ஒரு மாதிரி இருக்காது. என் அம்மா என்னுடைய கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸில் இருக்கிறார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளி வைத்திருக்கிறோம். வீட்டில் கணவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எதில் கையெழுத்துப் போடட்டும்? இந்த வயதில் எனக்கு வேறு வேலை கிடைக்குமா?

பெயர் வெளியிட வேண்டாம்
பெங்களூர்

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரம் கருதி உங்களுக்குத் தனியாக அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் பலர் படிப்பார்கள் என்பதால், உங்கள் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

போர்ட்டலில் ராஜினாமா போடாதீர்கள். மற்ற எதைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம், பேரம் பேசலாம், மனதை மாற்றிக்கொள்ளலாம். ராஜினாமா மட்டும் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அந்தப் போர்ட்டலில் காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் "சொந்தக் காரணங்கள்", "மேற்படிப்பு", "வேறு வாய்ப்பு" என்றெல்லாம் இருக்கும். "எங்கள் யூனிட்டை விற்றுவிட்டார்கள்" என்று இருக்காது. "சொந்தக் காரணங்கள்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் பிறகு என்னிடம் வரும்போது, கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுகிற தாள் அதன் பிரிண்ட் அவுட்தான். விற்பது கம்பெனியின் முடிவு, ஆட்களைக் குறைப்பதும் கம்பெனியின் முடிவு. அதை உங்கள் முடிவாக எழுதித் தரச் சொல்கிறார்கள். ஏன் தர வேண்டும்?

உங்கள் வேலையில் குறை இருந்ததால் இது நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த மிரட்டல் உங்களை உள்ளுக்குள் அரித்திருக்கும். தொலைத்தொடர்புக் கருவி செய்கிற கம்பெனிகளில் இந்த அலை உலகம் முழுக்க அடிக்கிறது. ஆபரேட்டர்கள் 5ஜிக்காக ஒரே மூச்சில் செலவு செய்துவிட்டு, பிறகு ஆர்டரைக் குறைத்துக்கொண்டார்கள். எரிக்சன் 2023 பிப்ரவரியில் 8,500 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. நோக்கியா அதே ஆண்டு அக்டோபரில் 14,000 பேர் வரை குறைப்பதாக அறிவித்தது. கடலடிக் கேபிள் பதிக்கும் தன் நிறுவனத்தையும் நோக்கியா 2024இல் பிரெஞ்சு அரசுக்கு விற்றது. லாபம் குறைந்த யூனிட்டை விற்பது, மிச்சத்தில் ஆட்களைக் குறைப்பது, இரண்டையும் சேர்த்து மறுசீரமைப்பு என்று அறிவிப்பது: இந்த மேஜையில் யாருடைய டெஸ்ட் ரிப்போர்ட்டும் படிக்கப்படுவதில்லை.

உங்கள் ரேட்டிங்கைத் திடீரென்று எடுத்து நீட்டினால் பயப்படாதீர்கள். பதினான்கு வருட அப்ரைசல் கடிதங்களும் இன்க்ரிமென்ட் கடிதங்களும் உங்களிடம் இருக்கும். விற்பனை அறிவிப்புக்குப் பிறகு திடீரென்று வரும் குறைந்த ரேட்டிங்கை எந்த அதிகாரியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இனி அந்த இரண்டு தாள்களுக்கு வருகிறேன்.

முதல் தாளில் இருக்கும் 13 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் ஒரே தொகையாகச் சொல்லியிருக்கிறார்கள், பெரிதாகத்தான் தெரியும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் படத்தைப் பார்த்தால், அதற்குள் கிராஜுவிட்டி (பணிக்கொடை) அடக்கம் என்று இருக்கிறது. நீங்களே வேலையை விட்டாலும், அவர்கள் அனுப்பினாலும், ஐந்து வருடம் முடித்த ஒருவருக்குக் கிராஜுவிட்டி கொடுத்தே ஆக வேண்டும். 14 வருடம் 8 மாதம் என்பது கணக்குக்கு 15 வருடம், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சம் முழு வருடமாகும். அவர்கள் பேசிக் 70,000 வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்: 70,000ஐ 26ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, 15 வருடத்தால் பெருக்கினால் 6,05,769 ரூபாய். நோட்டீஸ் காலம் உங்கள் வேலைக் கடிதப்படி இரண்டு மாதம், அதற்கு 3,20,000. சேர்த்து வைத்த லீவு 30 நாளுக்குச் சுமார் 80,000. இந்த மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பணம், கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக, பதினைந்து வருடத்துக்கு அவர்கள் கூடுதலாகத் தருவது மூன்று லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதச் சம்பளம் கூட இல்லை. எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது.

கிராஜுவிட்டிக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி ஊதியம் என்றால் வெறும் பேசிக் மட்டும் இல்லை. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி போன்ற, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அதாவது உங்கள் ஊதியம் குறைந்தது 80,000 என்று எடுக்க வேண்டும். அப்படிப் போட்டால் கிராஜுவிட்டி 6,92,307. வித்தியாசம் 86,538 ரூபாய். எச்.ஆரிடம் இதை வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள்.

இப்போது, ராஜினாமா செய்யாமல் அவர்களே உங்களை நீக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சட்டத்தில் அது ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம் (உங்கள் வேலைக் கடிதப்படி இரண்டு மாதம்), அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. 80,000 ஊதியத்தில் 15 நாளுக்கு, அதாவது அரை மாதத்துக்கு, 40,000, பதினைந்து வருடத்துக்கு 6 லட்சம். புதிய சட்டத்தில் மறுதிறன் பயிற்சி நிதி என்று ஒன்றும் வந்திருக்கிறது, அதற்குக் கம்பெனி இன்னொரு 15 நாள் ஊதியம் கட்ட வேண்டும், அதுவும் உங்கள் கணக்குக்குத்தான் வரும். கிராஜுவிட்டி, நோட்டீஸ், லீவு எல்லாம் கூட்டினால் 17 லட்சத்தைத் தாண்டுகிறது. சட்டமும் உங்கள் வேலைக் கடிதமும் சொல்லும் குறைந்தபட்சமே அவர்கள் "சலுகை" என்று நீட்டியதைவிட நான்கு லட்சம் அதிகம். வரியிலும் வித்தியாசம் உண்டு: தொழிலாளர் ஒருவருக்குச் சட்டப்படி வரும் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஐந்து லட்சம் வரை வரிவிலக்கு இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்குக் கம்பெனி "அன்பளிப்பாக"த் தரும் தொகை சம்பளம் மாதிரியே வரிக்கு உட்படும்.

இதெல்லாம் உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்கள் கேட்பார்கள். "நீங்கள் லீட், மேனேஜ்மென்ட் ஆள், தொழிலாளர் சட்டம் உங்களுக்கு இல்லை" என்பது எச்.ஆர். வழக்கமாகச் சொல்லும் பதில். சட்டம் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. மேற்பார்வை வேலை பிரதானமாக இருந்து ஊதியம் 18,000க்கு மேல் போனாலோ, நிர்வாக வேலை பிரதானமாக இருந்தாலோதான் விலக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, லீவும் அப்ரைசலும் மேனேஜர்தான் போடுகிறார் என்பது. நான்கு பேரை வழிநடத்தினாலும் அவர்களை வேலைக்கு எடுக்க, தண்டிக்க, மதிப்பிட உங்களுக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் லேபில் கார்டைச் செருகி, ஃபைபரை மாட்டி, டெஸ்ட் ஓட்டி, பக் எழுதியவர். நீங்கள் சட்டப்படி தொழிலாளர்தான் என்று வாதிட உங்களிடம் நல்ல அடிப்படை இருக்கிறது. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உண்மையிலேயே ஆட்களை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள மேனேஜராக நீங்கள் இருந்தால், ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி வராது, வேலைக் கடிதத்தில் உள்ள நோட்டீஸும் கிராஜுவிட்டியும்தான். பேரம் பேசும் விதமும் மாறும்.)

ஆனால் இதை நிரூபிக்கிறேன் என்று டெஸ்ட் ரிப்போர்ட்டையும் ஸ்கிரிப்டையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். கம்பெனியின் ரகசியத்தை வெளியே எடுத்துப்போனார் என்று அதையே காரணமாக்கி, ஒரு பைசா இல்லாமல் அனுப்புவார்கள். உங்களைப் பற்றிய தாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வேலைக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், அப்ரைசல், கடைசி ஒரு வருடச் சம்பள ரசீது, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், இன்ஷூரன்ஸ் அட்டை. தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்பதை வீட்டில் ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதி வையுங்கள், தேதியோடு. அந்தச் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மறப்பதற்குள் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தாள். என் யோசனை: வாங்குகிற கம்பெனிக்குப் போங்கள். ஆனால் அந்தக் கடிதத்தோடு இல்லை.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உங்கள் பதினைந்து வருடம் பூஜ்யமாகிவிடும். நாளையே இதன் அர்த்தம் தெரியாது. சம்பளம் அதேதான், பஸ் அதேதான், லேப் கூட அதே கட்டடத்தில் இருக்கலாம். ஏழாவது மாதத்தில்தான் தெரியும். மோட்டோரோலா தன் நெட்வொர்க் பிரிவை நோக்கியா சீமென்ஸ் நெட்வொர்க்ஸுக்கு விற்று முடித்தது 2011 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரில் வாங்கிய கம்பெனி 17,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நோக்கியாவின் கைபேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேர் வரை குறைப்பதாகச் சொன்னது, அதில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். நம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை கதை இன்னும் மோசம். வரி வழக்கால் அந்த ஆலையை விற்பனையிலேயே சேர்க்க முடியாமல் போய், ஆர்டர் நின்று, 2014 நவம்பர் 1இல் உற்பத்தி முடிந்தது. வாங்கும் கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய முதல் வருடம் அவர்கள் கணக்குப் பார்க்கும் வருடம். ஒரே வேலைக்கு இரண்டு டீம் இருந்தால் ஒன்றைக் கழிப்பார்கள்.

அப்படி ஏழாவது மாதத்தில் உங்களைக் கழித்தால், புதிதாகச் சேர்ந்தவர் என்ற கணக்கில் உங்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, ஏனென்றால் அதற்கு ஒரு வருடத் தொடர்ச்சியான பணி வேண்டும். கிராஜுவிட்டிக்கு மறுபடி ஐந்து வருடம் ஆக வேண்டும். புரொபேஷனில் இருப்பவரைக் குறுகிய நோட்டீஸில் அனுப்பலாம். பணிக்காலம் தொடர்கிறது என்று எழுதி வாங்கியிருந்தால், அதே ஏழாவது மாதத்தில் அவர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் கணக்குப் போட்டுப் பணம் வைக்க வேண்டும். உங்களை வெளியே அனுப்புவது அவர்களுக்குச் செலவான காரியமாக இருக்க வேண்டும், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு தொழிலை அப்படியே இன்னொருவருக்கு மாற்றும்போது, தொழிலாளருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் மூன்றும் நிறைவேற வேண்டும்: பணியில் முறிவு இருக்கக் கூடாது, நிபந்தனைகள் முன்பைவிடக் குறைந்துவிடக் கூடாது, பிற்காலத்தில் ஆட்குறைப்பு வந்தால் புதிய முதலாளி பழைய வருடங்களையும் சேர்த்து இழப்பீடு தரக் கடமைப்பட்டிருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த விதி, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. உங்களுக்குக் கொடுத்த கடிதத்தில் இந்த மூன்றில் ஒன்று கூட இல்லை. அப்படியானால் அவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: முறிவில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பழைய கம்பெனி இழப்பீடு கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு உங்களை ராஜினாமா செய்ய வைத்து, அங்கே புதிதாகச் சேர்க்கும் ஏற்பாட்டில் இருவருக்கும் லாபம், உங்களுக்கு மட்டும் நஷ்டம்.

உங்களைக் கேட்காமல் உங்களை மாற்றிவிடவும் முடியாது. பிலிப்ஸ் கம்பெனி கொல்கத்தா சால்ட் லேக் ஆலையை விற்ற வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது: சம்மதம் இல்லாமல் தொழிலாளரை வேறு நிர்வாகத்துக்குக் கீழே வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, போக மறுத்தால் சட்டப்படியான இழப்பீட்டுக்கு உரிமை உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது தொழிலை விற்பதா, பங்குகளை விற்பதா? இந்தியக் கம்பெனியின் பங்குகள் மட்டும் கைமாறினால் உங்கள் முதலாளி அதே கம்பெனிதான், மேலே உள்ள ஓனர்தான் மாறுகிறார். அப்போது புதிய வேலைக் கடிதமே தேவையில்லை. உங்களுக்குப் புதிய கடிதம் தந்ததைப் பார்த்தால் தொழிலைத் தனியே பிரித்து விற்பது போலத் தெரிகிறது.

அவர்களுக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய மெயில் இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் நீளமாக வேண்டாம், கோபம் வேண்டாம்:

"நான் தொடர்ந்து பணியாற்ற விரும்புகிறேன். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. யூனிட் விற்பனையால் என் பணி மாற்றப்படுவதானால், என் பணிக்காலம் முறிவின்றித் தொடரும் என்றும், கிராஜுவிட்டி, லீவு, ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் நான் முதலில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும், புரொபேஷன் கிடையாது என்றும் இரு நிறுவனங்களும் எழுத்தில் தர வேண்டுகிறேன். அது இயலாதென்றால், எனக்குச் சட்டப்படி சேர வேண்டியதைத் தலைப்பு வாரியாகத் தெரிவிக்கவும்."

இதற்கு எழுத்தில் பதில் வராது, மறுபடி மீட்டிங்குக்குத்தான் கூப்பிடுவார்கள். போங்கள், கேளுங்கள், "யோசித்து மெயிலில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வந்த உடனே, "இன்று பேசியது இது" என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். அந்த அறையில் எதிலும் கையெழுத்து வேண்டாம், வருகைப் பதிவு என்று நீட்டினாலும் படித்துவிட்டுப் போடுங்கள்.

எவ்வளவு அவகாசம் கேட்கலாம் என்று தயங்காதீர்கள். பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டிலும் 2019இல் விருப்ப ஓய்வு கொண்டுவந்தபோது நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விண்ணப்பிக்க நேரம் கொடுத்தார்கள். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள், மிச்சமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம் என்று கணக்கு எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்தது. 92,000க்கும் மேற்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி வேறு விமர்சனம் வைக்கலாம், ஆனால் யாரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று சொல்லவில்லை. உங்கள் கம்பெனியும் அப்படி ஒரு திட்டத்தை எழுத்தில் அறிவித்தால் அதைப் பரிசீலிக்கலாம்.

ஒருவேளை நீங்களே களைத்துப்போய், பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன் என்று முடிவெடுத்தால், அதிலும் தப்பில்லை. அப்போது 17 லட்சத்துக்குக் கீழே இறங்காதீர்கள். தொகை தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதப்பட வேண்டும், பணி அனுபவச் சான்றில் மறுசீரமைப்பால் விலகல் என்று இருக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் பாலிசி வருடம் முடியும் வரை தொடர வேண்டும். ஒப்பந்தத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கும், ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மறுத்த பிறகு அவர்கள் நீக்கினால் பன்னேர்கட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் கார்மிக பவனில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம். சமரச அதிகாரி இரு தரப்பையும் கூப்பிடுவார். 2017இல் தொடங்கிய கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கத்திடமும் பேசுங்கள், இந்த மாதிரிப் புகார்களை அவர்கள் தொடர்ந்து எடுத்து நடத்துகிறார்கள். உங்கள் யூனிட்டில் இதே தாளை வாங்கியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பத்துப் பேர் ஒரே மெயிலை அனுப்பினால் எச்.ஆரின் பேச்சு மாறும். வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும், இதை மறைக்க விரும்பவில்லை. பெரும்பாலானவை சமரச மேஜையிலேயே தொகை ஏறி முடிகின்றன. சட்டம் தெரிந்து உட்காருவது அந்த மேஜைக்காகத்தான். இன்னொன்று: ஆட்களைக் குறைக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான், அதுவும் 300 பேர் இருந்தால். உங்கள் மாதிரி ஆர் அண்ட் டி அலுவலகத்துக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு விஷயம். கணவரிடம் இன்று இரவே முழுவதையும் சொல்லிவிடுங்கள், தொகைகளோடு. பாதி தெரிந்தவர் மனதில் மீதியை இன்னும் மோசமாகக் கற்பனை செய்துகொள்வார். அம்மாவுக்குச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், ஆனால் அவருடைய ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், கண் டாக்டர் சரி என்றால் இந்த மாதமே முடித்துவிடுங்கள், கம்பெனி இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கும்போதே. அப்புறம் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாறுவதற்குக் கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். குழு பாலிசியில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள வழி உண்டு. கவர் முடிந்த பிறகு புதிதாகப் போனால் அம்மாவின் வயதுக்கு எல்லாக் காத்திருப்பும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வீட்டுக் கடனை அடைக்க பி.எஃப்.ஐ எடுக்க வேண்டாம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குப் பென்ஷன் உரிமை வந்துவிட்டது, அதைக் கலைக்காதீர்கள். பாங்கிடம் போய் இ.எம்.ஐ.யைக் குறைக்கக் காலத்தை நீட்ட முடியுமா என்று வேலை இருக்கும்போதே கேட்டு வையுங்கள். வேலை போன பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

கடைசிக் கேள்வி, 41 வயதில் வேலை கிடைக்குமா. கொஞ்சம் நேரமெடுக்கும், நாலைந்து மாதம் ஆகும் என்று மனதில் வைத்துப் பணத்தைத் திட்டமிடுங்கள். ஆனால் ஆப்டிகல் கருவிகளை லேபில் கையால் தொட்டு டெஸ்ட் செய்த அனுபவம் எல்லோரிடமும் இல்லை. பெங்களூரிலேயே தேஜஸ் நெட்வொர்க்ஸ் ஆப்டிகல் கருவிகளும் ரேடியோ கருவிகளும் செய்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய பி.எஸ்.என்.எல். 4ஜி, டி.சி.எஸ்., தேஜஸ், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி அமைப்பான சி-டாட் மூவரும் சேர்ந்து உள்நாட்டிலேயே கட்டியது. டேட்டா சென்டர்களுக்கு நடுவே ஃபைபர் இணைப்பும் கூடிக்கொண்டே போகிறது. ரெஸ்யூமேயில் டெஸ்ட் லீட் என்ற பெயரை மட்டும் போட்டு விடாமல், எந்தக் கருவி, எந்த வேகம், எந்த ஆட்டோமேஷன் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் ஏன் வெளியே வருகிறீர்கள் என்று கேட்டால், "எங்கள் யூனிட்டை விற்றுவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். இந்த ஊரில் இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எச்.ஆரிடமிருந்து பதில் வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள். அதில் பணிக்காலத் தொடர்ச்சி பற்றிய வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.